தொடக்ககாலத் துருவப் பயணப் படங்களை வாசிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வடதுருவக் கடலுக்கும் தென்துருவக் கடலுக்கும் போன பழைய கப்பல் பயணங்களின் படங்கள் இன்று நூலகத் தளங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பலர் அவற்றை ஒளிப்படம் போலவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். அச்சில் வந்த ஏறக்குறைய எந்தப் படமும் பனிக்கட்டிமேல் நின்று வரைந்தவர் கையிலிருந்து நேராக நம்மிடம் வந்ததில்லை. கப்பலில் ஒருவர் பென்சிலில் வரைந்தார். ஊர் திரும்பியதும் வேறொருவர் அதைத் திருத்திப் பெரிதாக்கினார். மூன்றாமவர் தகட்டிலோ கல்லிலோ மரக்கட்டையிலோ ஏற்றினார். சில படங்களில் நான்காமவர் வண்ணம் பூசினார். முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் பனிக்கடலைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆகவே ஒரு படத்தை எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி: இதில் எந்தக் கோடு யாருடையது? அதற்கு விடை காணும் முறையைக் கீழே வரிசையாகத் தருகிறோம்.

தேவையான கருவிகள்

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று (நகைக்கடைகளில் வைத்திருக்கும் வகை போதும்), மில்லிமீட்டர் அளவுகோல், சிறிய டார்ச், 2பி பென்சில். பேனா மேசைக்கே வரக்கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு வெறுங்கையால் தொடுவதே நல்லது. பருத்திக் கையுறை போட்டால் விரலின் உணர்வு மங்கி, தாளின் ஓரம் கிழியும். அசல் கையில் இல்லாமல் திரையில்தான் பார்க்கிறீர்கள் என்றால், முழு அளவுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். சிறு அளவுப் படத்தில் அச்சு முறையை அடையாளம் காண முடியாது.

முதல் படி: படத்தின் அடிவரியைப் படியுங்கள்

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். இடது மூலையில் வரைந்தவர், வலது மூலையில் செதுக்கியவர், நடுவில் வெளியீட்டாளரும் தேதியும் என்பது வழக்கமான அமைப்பு. பெயருக்குப் பின்னால் வரும் லத்தீன் சுருக்கங்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். ‘டெல்’ என்றால் வரைந்தவர். ‘பின்க்ஸ்’ என்றால் வண்ண ஓவியமாகத் தீட்டியவர். ‘ஸ்கல்ப்’ என்றால் தகட்டில் செதுக்கியவர். ‘லித்’ என்றால் கல்லில் ஏற்றியவர். ‘இம்ப்’ என்றால் அச்சடித்தவர்.

வரைந்தவர் பெயரைக் கண்டதும் அவர் அந்தப் பயணத்தில் இருந்தாரா என்று பாருங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் எலிஷா கென்ட் கேன் 1856இல் பிலடெல்பியாவில் வெளியிட்ட ஆர்க்டிக் பயண நூலில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. எல்லாம் ஆசிரியரின் சொந்த வரைவுகளிலிருந்து எடுத்தவை என்று முகப்புத்தாள் சொல்கிறது. ஆனால் அந்த வரைவுகளை அச்சுக்கான ஓவியங்களாக மாற்றியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற கடற்காட்சி ஓவியர். அவர் அந்தப் பயணத்தில் போனவர் இல்லை. அவருக்கும் பின்னால் செதுக்குநர்கள் வந்தார்கள். கருமேகத்தைக் கிழித்து வரும் ஒளியும் கோபுரம்போல் எழும் பாறையும் அந்த நூலில் கண்ணில் பட்டால், கேன் பார்த்தது எது, ஹாமில்டன் சேர்த்தது எது என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும்.

பெயரே இல்லாத படங்களும் உண்டு. அப்போது நூலின் முன்னுரையையும் படப்பட்டியலையும் பாருங்கள். கடற்படைப் பயணங்களில் வரைந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளே. கரையோரத் தோற்றத்தை வரைவது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி எட்வர்ட் பாரியின் 1819–20 வடதுருவப் பயணத்தில் லெப்டினன்ட் பிரெடரிக் வில்லியம் பீச்சி வரைந்தார். அவற்றை லண்டனில் தகட்டுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் வெஸ்டால். ஜான் பிராங்ளினின் 1819–22 வட கனடாத் தரைவழிப் பயணத்தில் ஜார்ஜ் பேக், ராபர்ட் ஹூட் என்ற இரு இளம் அதிகாரிகள் வரைந்தார்கள். ஹூட் 1821 அக்டோபரில் அங்கேயே கொல்லப்பட்டார். 1823இல் நூல் வந்தபோது அவர் படங்களைத் திருத்திச் சொல்ல அவர் உயிரோடு இல்லை. ஒரு படத்தை அச்சுக்கு முன் அதை வரைந்தவர் பார்த்துச் சரிசெய்திருக்க முடியுமா என்பதை இப்படி ஒவ்வொரு முறையும் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: லென்ஸ் வைத்து அச்சு முறையைக் கண்டுபிடியுங்கள்

செப்புத் தகட்டுச் செதுக்கு: கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, கூராக முடியும். தகட்டை அழுத்தியதால் படத்தைச் சுற்றித் தாளில் செவ்வகமான பள்ளத் தடம் விழும். டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 15 டிகிரி சாய்வில் பிடித்தால் அந்தத் தடம் தெரியும். அதன் நீள அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அசலா நகலா என்று முடிவு செய்ய அந்த அளவு கைகொடுக்கும். தடம் காணோம் என்றால் உடனே நகல் என்று தள்ளிவிடாதீர்கள். பைண்டிங்குக்காக ஓரத்தை வெட்டியபோது தடமும் போயிருக்கலாம். டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸின் மூன்றாம் பயணத்தைப் பற்றி கெரிட் டெ வீர் எழுதி 1598இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த நூலின் படங்கள் இந்த வகை. குக்கின் இரண்டாம் பயணத்தில் வில்லியம் ஹாட்ஜஸ் வரைந்து 1777இல் வெளிவந்த ‘பனித் தீவுகள்’ படமும் இதே வகைதான். 1773 ஜனவரி 9 அன்று படகுகளில் போய்ப் பனிக்கட்டி பொறுக்கிக் குடிநீர் சேர்த்த காட்சி அது. செதுக்கியவர் பவுன்சி.

அக்வாடின்ட்: துருவப் படங்களில் மிக அழகானவை இவை என்பது எங்கள் கருத்து. வானமும் கடலும் கோடில்லாமல், நீர் வண்ணம் போலவே சாயல் மாறும். லென்ஸில் பார்த்தால், வற்றிய குளத்தின் களிமண் வெடிப்பைப் போன்ற கருமையான வலை தெரியும். தகட்டின்மேல் பிசின் தூளை உருக்கி ஒட்டி, இடைவெளியில் அமிலம் அரித்ததால் வந்த வலை அது. இந்த நுண்ணிய பரப்பு சீக்கிரம் தேயும். ஆகவே முதலில் அடித்த பிரதிகளில் வானம் செறிவாகவும் பின்னால் அடித்தவற்றில் வெளிறியும் இருக்கும். வெளிறிய வானத்தைப் பார்த்து ‘மூடுபனி’ என்று எழுதிவிடாதீர்கள், அது தகட்டின் தேய்மானமாக இருக்கலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸின் 1818 வடதுருவப் பயண நூலில் (1819) உள்ள வண்ணப் படங்கள் அக்வாடின்ட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எஃகுத் தகடு: 1820களிலிருந்து புத்தகப் படங்களில் பரவியது. கோடுகள் மிக நெருக்கமாக, மயிரிழை போல, சாம்பல் நிறத்தில் இருக்கும். தகடு கடினமானதால் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். படம் துல்லியமாகத் தெரியும், ஆனால் பனியின் வெண்மை குளிர்ந்த சாம்பலாகிவிடும்.

கல்லச்சு: பள்ளத் தடம் கிடையாது. லென்ஸில் கிரேயான் கோட்டின் மணல்மணலான பரப்பு தெரியும். பனிக்கு மிகப் பொருத்தமான முறை இதில்தான் பிறந்தது. கருப்புக்கு ஒரு கல், வெளிர் மஞ்சள் அல்லது நீலச் சாயத்துக்கு இன்னொரு கல். இரண்டாவது கல்லில் பனி மின்ன வேண்டிய இடங்களைச் சுரண்டிவிடுவார்கள். அந்த இடத்தில் மை விழாமல் வெறும் தாளே வெண்பனியாக நிற்கும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி டூமோன் துர்வீலின் 1837–40 பயணத்துக்காக லூயி லெ பிரெத்தோன் வரைந்த தென்துருவக் காட்சிகள் கல்லச்சில் வந்தவை. லெ பிரெத்தோன் கப்பலில் உதவி மருத்துவர். ஓவியர் கூப்பில் 1840இன் தொடக்கத்தில் ஹோபார்ட்டில் இறந்துபோனதும் அந்த வேலை இவர் கைக்கு வந்தது. வடதுருவக் கடலுக்குப் போன பிரிட்டிஷ் கப்பல் இன்வெஸ்டிகேட்டரின் அதிகாரி சாமுவேல் கர்னி கிரெஸ்வெல்லின் எட்டுப் படத் தொகுதி (1854, டே அண்ட் சன் அச்சகம்) இன்னொன்று. 1851 ஆகஸ்ட் 20 அன்று கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே சாய்ந்து நிற்கும் படம் அதில் இருக்கிறது. தாள் பழுத்துவிட்ட பிரதிகளில் இந்தச் சுரண்டல் வெண்மைதான் முதலில் மங்கும், படத்தின் உயிரே போய்விடும். அதனால் ஒரே கல்லச்சின் இரண்டு மூன்று பிரதிகளைப் பார்த்த பிறகே ஒளியைப் பற்றிப் பேசுங்கள்.

மரச்செதுக்கு: பத்திரிகைகளுக்கு வந்த படங்கள் பெரும்பாலும் இவை. கருப்பு மேல் வெள்ளைக் கோடு வெட்டியது போலிருக்கும். எழுத்தோடு சேர்த்தே அச்சாகும். பெரிய படத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெள்ளைப் பிளவுகள் ஓடினால், அவை சிறு கட்டைகளைத் திருகி இணைத்த இடங்கள். ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொருவர் செதுக்கியதும் உண்டு. பிளவின் இரு பக்கமும் பனியின் கோட்டுப் போக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.

வண்ணக் கல்லச்சில் பல நிறப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நேர்ஸின் 1875–76 வடதுருவப் பயணத்தில் மருத்துவராகப் போன எட்வர்ட் மாஸ் 1878இல் கொண்டுவந்த படத்தொகுதி இவ்வகையில் சிறந்தது. ஒழுங்கான கட்டம்போல் புள்ளி வரிசை தெரிந்தால் அது ஹாஃப்டோன், அதாவது படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் பிற்கால முறை. 1820ஆம் ஆண்டுப் படம் என்று விற்கப்படும் ஒன்றில் அந்தக் கட்டப்புள்ளி இருந்தால், அது பிற்கால நகல்தான்.

மூன்றாம் படி: பயண நூலோடு ஒப்பிடுங்கள்

படத்தில் தேதியும் இடமும் இருந்தால் அதே நாளின் குறிப்பை நூலில் தேடிப் படியுங்கள். இடப்பெயர்கள் மாறியிருக்கும். கிரெஸ்வெல் சொல்லும் பேரிங் தீவு இன்றைய பேங்க்ஸ் தீவு. பிரெஞ்சு நூல்களில் தீர்க்கரேகை பாரிஸிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். கிழக்குத் தீர்க்கரேகையோடு 2° 20′ கூட்டினால் கிரீன்விச் கணக்கு வரும். இதை மறந்தால் படத்தில் உள்ள கரையைத் தவறான விரிகுடாவில் கொண்டுபோய் வைப்பீர்கள்.

இந்தப் படியின் பலனைக் காட்ட ராஸின் 1818 பயணத்தை விட நல்ல உதாரணம் இல்லை. அந்த நூலில் வட கனடாவின் லங்காஸ்டர் சவுண்ட் என்ற நீர்வழியின் காட்சி ஒன்று உண்டு, 1818 ஆகஸ்ட் 31 தேதியிட்டது. நீர்வழியின் மறுமுனையை ஒரு மலைத்தொடர் அடைத்து நிற்கிறது. ராஸ் அதற்குக் குரோக்கர் மலைகள் என்று பெயரும் வைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பாரி அதே வழியில் நேராகப் போனார், மலை எதுவும் இல்லை. குளிர்ந்த கடல்மேல் காற்றின் அடுக்குகள் ஒளியை வளைத்து, தொலைவிலுள்ள பனியையும் கரையையும் மலைபோல் தூக்கிக் காட்டும் கானல் தோற்றம் அது. படத்தைப் பொய் என்று ஒதுக்கக் கூடாது. ராஸ் கண்ட தோற்றத்துக்கு அது நேர்மையான சாட்சி. பிழை தோற்றத்தை நிலமாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. ஆகவே உங்கள் குறிப்பில் ‘கண்ட தோற்றம்’, ‘உண்மை நிலம்’ என்று இரண்டு பத்திகள் தனித்தனியாக இருக்கட்டும்.

அதே நூலில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு படம் உண்டு. வடமேற்குக் கிரீன்லாந்து மக்களோடு ஏற்பட்ட முதல் சந்திப்பை வரைந்தவர் ஜான் சாக்கியூஸ் என்ற கிரீன்லாந்து இன்யூட் இளைஞர், கப்பலின் மொழிபெயர்ப்பாளர். எடின்பரோவில் அலெக்சாண்டர் நாஸ்மித்திடம் ஓவியம் பயின்றவர். முதலில் பனிமேல் தனியாக நடந்துபோய் அந்த மக்களிடம் பேசியவர் அவரே. ராஸும், அந்தப் பயணத்தில் துணைக் கப்பலில் வந்த பாரியும் பிறகுதான் வந்தார்கள். படத்திலோ எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: முழுச் சீருடையில் அதிகாரிகள், பரிசுப் பொருள்கள், கண்ணாடியில் முகம் பார்த்து வியப்பவர்கள், நடுவில் வரைந்தவர் தாமே. அடுத்தடுத்து நடந்தவற்றை ஒரே சட்டகத்தில் அடுக்கியிருக்கிறார். ஒரே கணத்தின் பதிவு என்று நினைத்துப் படித்தால் இங்கே தடம் புரளும். ஐரோப்பியக் கண் வழியாகவே வந்த படங்களுக்கு நடுவே இது அரிய பார்வை. சாக்கியூஸ் 1819இன் தொடக்கத்தில் இறந்துபோனார். இன்னும் நிறைய வரைந்திருக்க வேண்டியவர்.

நான்காம் படி: இயற்கையை வைத்துச் சோதியுங்கள்

செதுக்குநர் சேர்த்ததைப் பிடிக்க மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது சூரியனின் உயரம். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதற்கு வடதுருவப் பகுதியில் எளிய கணக்கு: 90 கழித்தல் அட்சரேகை, கூட்டல் அன்றைய சூரியச் சாய்வு (நிலநடுக்கோட்டிலிருந்து சூரியன் வடக்கே விலகி நிற்கும் கோணம்). பாரி குளிர்காலம் கழித்த வின்டர் ஹார்பர் 74° 47′ வடக்கில் உள்ளது. ஜூன் 21இல் சாய்வு 23.4°. ஆக அங்கே சூரியன் அதிகபட்சம் ஏறக்குறைய 38½ டிகிரிதான் ஏறும். அதாவது சமதளத்தில் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குக் குறையவே குறையாது. படத்தில் ஆள் காலடியில் குட்டை நிழல் விழுந்திருந்தால், அதை லண்டனில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஒளிவளையம். சூரியனையோ நிலவையோ சுற்றிய சாதாரண வளையத்தின் ஆரம் 22 டிகிரி. ஆகவே வளையம் முழுவதும் அடிவானத்துக்கு மேலே தெரிந்தால் சூரியன் 22 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். வளையத்தின் இரு பக்கமும் வரும் போலிச் சூரியன்கள் உண்மைச் சூரியனின் அதே உயரத்தில் இருக்க வேண்டும். 1820 ஏப்ரல் 8 அன்று வின்டர் ஹார்பரில் பாரி பதிவு செய்த ஒளிவளையத் தோற்றம் இவ்வளவு கவனமாக இருந்ததால்தான் அதிலுள்ள ஒரு வில்லுக்கு இன்றும் பாரி வில் என்று பெயர்.

மூன்றாவது பனிமலையின் வடிவும் அளவும். தென்துருவத்தில் பனி அடுக்குகளிலிருந்து உடையும் மலைகள் மேசைபோல் தட்டையான தலை கொண்டவை. கிரீன்லாந்துப் பனியாறுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் கூர்கூரானவை. உருண்டு கரைந்த மலைகளுக்கு இந்த விதி பொருந்தாது என்பதால் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அளவுக்கு, மலைக்குப் பக்கத்தில் அதே தொலைவில் நிற்கும் ஆளை அளந்துகொள்ளுங்கள். ஆள் 4 மி.மீ., மலை 100 மி.மீ. என்றால், ஆளின் உயரத்தை 1.7 மீட்டராக வைத்து மலை ஏறக்குறைய 42 மீட்டர். நூலில் எழுதிய உயரத்தைப் போல் இரு மடங்கு வந்தால், ஆளைச் சிறிதாக்கி மலையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அக்காலத்தில் இது சாதாரணம்.

ஐந்தாம் படி: நிறம் எப்போது வந்தது?

கையால் பூசிய வண்ணம் அச்சுக் கோட்டைத் தாண்டி வழியும், ஓரத்தில் கருத்துத் தேங்கும், லென்ஸில் புள்ளி தெரியாது. அது வெளியான காலத்து வண்ணமா, பிற்கால வியாபாரி பூசியதா என்பது அடுத்த கேள்வி. மடிப்பின் விரிசலுக்குள்ளும் பழைய பழுப்புப் புள்ளிகளின்மேலும் வண்ணம் ஏறியிருந்தால் அது பிற்காலப் பூச்சு. அந்த நூலின் நூலகப் பிரதிகள் எல்லாம் கருப்பு வெள்ளையாக இருந்தாலும் சந்தேகம் உறுதியாகும்.

பனியில் காரணமில்லாமல் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா? பழைய வெள்ளை வண்ணத்தில் ஈயம் இருந்தது. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு அது கருத்துவிடும். ஓவியர் மிக வெண்மையாகக் காட்ட நினைத்த இடமே இன்று கருப்பாக நிற்கும். 1834இல் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் துத்தநாக வெள்ளையைக் கொண்டுவந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. அந்தக் கரும்புள்ளியைப் பாறை என்றோ நிழல் என்றோ விவரித்துவிடக் கூடாது, வீட்டில் சுத்தம் செய்யவும் முயலக் கூடாது.

பனிமேல் நின்றவர் நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்பதற்கு எட்வர்ட் வில்சனின் முறையைப் பாருங்கள். ராபர்ட் ஸ்காட்டின் இரு தென்துருவப் பயணங்களிலும் (1901–04, 1910–13) அவரே ஓவியர். வெளியே தண்ணீர் உறைந்துபோகும், தூரிகை பயன்படாது. ஆகவே பென்சிலில் விரைவாக வரைந்து, வானத்திலும் பனியிலும் அந்தந்த நிறத்தின் பெயரைச் சொல்லால் எழுதிக்கொள்வார். பின்னர் குடிலுக்குள், விளக்கொளியில், நீர் வண்ணமாக்குவார். கண்ணைக் காக்கும் பனிக் கண்ணாடியைக் கழற்றி வரைந்ததால் பனிக்குருட்டு நோவும் பட்டார். இரண்டும் கிடைக்கும் இடத்தில் பென்சில் தாளையே முதல் சான்றாகக் கொள்ளுங்கள்: நிறச் சொற்கள் அங்கேதான், காட்சி கண்முன் இருக்கும்போதே எழுதப்பட்டன. வில்சனின் படைப்புகளில் பெரும் தொகுதி கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது.

நகரத்து அச்சகத்தின் கை படாத விதிவிலக்கு ஒன்று உண்டு. நிம்ராட் கப்பலில் ஷாக்கில்டனோடு தென்துருவப் பயணம் போனவர்கள் 1908இல் அண்டார்டிக்காவின் ராய்ட்ஸ் முனைக் குடிலிலேயே ‘அரோரா ஆஸ்ட்ராலிஸ்’ என்ற நூலை அச்சடித்தார்கள். ஜார்ஜ் மார்ஸ்டன் படம் வரைந்து தாமே தகட்டில் ஏற்றினார். குளிரில் மை இறுகாதபடி மைத்தட்டுக்கு அடியில் விளக்கு வைத்தார்கள். அட்டைகள் உணவுப் பெட்டிப் பலகையில் செய்யப்பட்டவை, சிலவற்றின் உட்புறத்தில் பெட்டியின் எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. இதன் படங்களில் மை சீராகப் பரவாமல் இருப்பதைக் குறையாகக் குறிக்க வேண்டாம்.

ஆறாம் படி: நகலெடுத்தலும் பாதுகாப்பும்

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தி, டிஃப் கோப்பு, பக்கத்தில் அளவுகோல் ஒன்று. பள்ளத் தடம் ஸ்கேனில் விழாது. பக்கவாட்டு ஒளியில் கேமராவால் தனியாக ஒரு படம் எடுங்கள். நூலில் மடித்து வைத்த படத்தைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள், மடிப்பு அங்கேயே உடையும்.

அசல் தாளுக்கு ஒட்டும் நாடா வேண்டவே வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாப்பசையும் கொண்டு மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடங்களில் தாங்கு கொடுங்கள். அமிலமில்லாத அட்டை, பார்வைக்கு வைத்தால் 50 லக்ஸ் ஒளி, நேர்வெயில் படாத சுவர். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிலையாக இருப்பது நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் இதைத் தினமும் கவனிக்க வேண்டும். வண்ணம் பூசிய படத்தை வீட்டில் நனைத்துக் கழுவாதீர்கள். வண்ணத்தைப் பிடித்திருக்கும் பிசின் தண்ணீரில் கரைந்துவிடும்.

தனிப்படம் வாங்குவதானால், எந்த நூலிலிருந்து எப்போது பிரிந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். முழு நூலை அறுத்துப் படங்களைத் தனித்தனியாக விற்பவரிடம் வாங்க வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். மூன்றாம் படியில் சொன்ன ஒப்பீட்டுக்குப் படமும் எழுத்தும் ஒன்றாக இருந்தாக வேண்டும். வாங்கிய படத்தின் பின்புறம், கீழ் மூலையில், மென்மையான பென்சிலில் நூலின் பெயர், ஆண்டு, படத்துக்கு எதிரே இருந்த பக்கத்தின் எண், தகட்டுத் தடத்தின் அளவு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள்.